மீட்டர் கேஜின் மிச்சம்

சிங்கப்பூரின் வடக்கே உட்லண்ட்ஸில் தொடங்கித் தெற்கே தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டருக்கு ஒரு ரயில்பாதை ஓடியது. மண் சிங்கப்பூருடையது, தண்டவாளம், நிலையம், கேட், ஓரத்துப் புல் எல்லாம் மலேசிய ரயில்வேயின் கையில். தஞ்சோங் பகாரில் ஏறினால் மலேசியக் குடிநுழைவுச் சோதனை முதலில் நடக்கும். சிங்கப்பூரை விட்டு வெளியேறும் சோதனை, தீவு முழுக்கக் கடந்து உட்லண்ட்ஸ் போய்ச் சேர்ந்த பிறகுதான். இந்த நிலத்தைப் பற்றி 1990இல் கையெழுத்தான ஒப்பந்தத்தை இரண்டு நாடுகளும் இருபது வருடம் இழுத்தடித்து, 2010இல் ஒருவழியாகத் தீர்த்துக்கொண்டன. 2011 ஜூன் 30 இரவோடு ரயில் நின்றுபோனது.

வேலை அனுமதியில் வந்து தங்கியிருக்கும் என்னைப் போன்றவனுக்கு இந்த ஊரில் சொந்தமென்று சொல்லிக்கொள்ளச் சனியும் ஞாயிறும்தான் உண்டு. அவற்றை இந்தப் பாதைக்கே கொடுத்தேன். நான் மானாமதுரைக்காரன், மீட்டர் கேஜ் ஓசையில் வளர்ந்தவன். ஊரில் அதைப் பெயர்த்து அகலப் பாதை போட்டுவிட்டார்கள். அதே ஒரு மீட்டர் இடைவெளித் தண்டவாளத்தை வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளுக்கு நடுவே பார்த்ததும் கேமரா தானாக அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

ரயில் நின்றபின் நடைபாதையாகிவிட்ட இதன் வடக்குத் துண்டில் நடக்கும்போது எனக்கு இப்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. கிராஞ்சியில் பாதையை ஒட்டி ஆல்பீசியா மரங்கள் காடாக நின்றன. 2021 பிப்ரவரியில், வானிலிருந்து எடுத்து மக்கள் பகிர்ந்த படங்களில் அந்தக் காடு மொட்டையாகக் கிடந்தது. வேளாண் உணவுப் புத்தாக்கப் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலம். அதில் ஏறத்தாழ 4.5 ஹெக்டேரை ஒப்புதல் வருமுன்பே வெட்டிவிட்டார்கள். ஆல்பீசியா இந்த மண்ணின் மரமல்ல, வெளியிலிருந்து வந்தது, அதனால் இழப்பு பெரிதில்லை என்று சிலர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. கழுகுகள் கூடு கட்ட அந்த உயர மரங்களைத் தேடித்தான் வருகின்றன. ஓரத்துக் காட்டை அழித்துவிட்டு நடுவில் நாலடிப் பாதையை மட்டும் விட்டால் அதற்குப் பசுமை வழி என்று பெயர் சூட்ட முடியாது.

சுவா சூ காங் ரோட்டில் கேட் இருந்தது. ஆள் வந்து கையால் கேட்டை மூட, அத்தனை பேருந்தும் லாரியும் ரயிலுக்காகக் காத்து நிற்கும். இன்று அங்கே காரில் போகிறவருக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது.

புக்கிட் தீமாவுக்கு வந்தால் என்னால் வேகமாக நகர முடியாது. 1932இல் கட்டிய சின்னச் செங்கல் நிலையம். சிங்கப்பூருக்குள் இது ஒற்றைப் பாதையாக இருந்தது. எதிரெதிர் ரயில்கள் ஒன்றையொன்று கடக்க இங்கேதான் லூப் லைன் இருந்தது. அதனால் டோக்கன் முறை. கம்பி வளையத்தோடு கட்டிய ஒரு சாவி, அது கையில் இல்லாமல் எந்த ஓட்டுநரும் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது. நிலையக்காரர் பிளாட்பார ஓரத்தில் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்பார். ரயில் வேகம் குறைத்து ஊர்ந்து வரும். ஓட்டுநர் பழைய வளையத்தைக் கொடுத்துவிட்டுப் புதியதைக் கையில் கோத்துக்கொண்டு போய்விடுவார். மானாமதுரையில் சிறுவனாக நான் வாய் பிளந்து பார்த்த அதே காட்சி.

அதை எடுக்க விடியுமுன்பே போய்விட வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் முழுக்கப் பனி படியும். பையைத் திறந்து வைத்துக் கண்ணாடி ஊர்ச் சூட்டுக்குப் பழகும்வரை காத்திருப்பேன். இந்த ஈரத்துக்கு டிரை பாக்ஸ் இல்லாத வீட்டில் லென்ஸுக்குள் பூஞ்சை பூத்துவிடும். ஷட்டரை ஐந்நூறில் ஒரு நொடிக்கு வைத்தால் இரண்டு கையும் வளையமும் சிலையாக நிற்கும். படத்தில் ரயில் ஓடாது. முப்பதில் ஒரு நொடிக்கு இறக்கி, கேமராவை ஓட்டுநரின் கையோடு நகர்த்தினால், வளையம் மட்டும் வெள்ளிக் கோடாக இழுபடும், கை தெளிவாக விழும். கை நகம் வரை தெரிகிற ஒரு படம் என்னிடம் இருக்கிறது. நகத்தடியில் கரிய எண்ணெய்.

கடைசி நாள் வியாழக்கிழமை. அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். புக்கிட் தீமா நிலையத்தின் பக்கத்து இரும்புப் பாலத்தில் நிற்க இடமில்லை. பள்ளிப் பிள்ளைகள், கல்யாண உடையில் ஒரு ஜோடி, சக்கர நாற்காலியில் ஒரு சீனப் பாட்டி. முன்பின் தெரியாதவர்கள் தண்ணீர் பாட்டிலைப் பகிர்ந்துகொண்டார்கள். இரவு 11 மணிக்குத் தஞ்சோங் பகாரில் கிளம்பிய கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராகிமே ஓட்டினார். அது எங்களைக் கடந்தபோது எழுந்த கூச்சலில் ஹாரன் சத்தமே அமுங்கிப்போனது. நான் நாலைந்து படத்தோடு நிறுத்திக்கொண்டு கையசைத்தேன். அந்தக் கூட்டத்தில் யார் குடிமகன், யார் வெளிநாட்டான் என்று யாரும் கேட்கவில்லை. இந்த ஊரில் அப்படி ஓர் இரவு எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

அதன்பின் தண்டவாளத்தைப் பெயர்த்து மலேசியாவுக்கே அனுப்பினார்கள். பாலங்கள் நிற்கின்றன. புக்கிட் தீமா நிலையத்தைப் புதுப்பித்து 2022இல் திறந்தார்கள். ஊழியர் குடியிருப்பு காப்பி விற்கும் கடையாகிவிட்டது. காப்பி நன்றாகவே இருக்கிறது. என் வழக்கு வேறு. பாதையைக் காப்பாற்றியவர்கள் அதில் உழைத்தவர்களைக் காப்பாற்றவில்லை.

அதைச் சொல்லத் தங்ளின் ஹால்ட்டுக்கு வர வேண்டும். நான் வாடகை அறையில் இருந்த பேட்டை. சிங்கப்பூரின் முதல் ஒரு வெள்ளி நோட்டின் பின்புறத்தில் அச்சான பத்து மாடிக் கட்டடங்கள் இங்கேதான் நின்றன. 2014இல் 31 கட்டடங்களை இடித்துக் கட்டப்போவதாக அறிவித்தார்கள். ரயிலும் போய், கோப்பிக்கடையும் போய், நான் குடியிருந்த மாடியும் போனது. மிஞ்சியிருப்பது பக்கத்தில் காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். 1932இல் குவீன்ஸ்வே பக்கம் ரயில் தொழிலாளர்கள் தண்டவாள ஓரத்தில் வைத்துக் கும்பிட்ட சாமி. 1998இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், கேமராப் பையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க அப்பா கேங்மேன் தம்பி. ராத்திரி மழையில லைன் பாக்கப் போறப்போ இந்த முனியாண்டியத்தான் கூப்புட்டுக்கிட்டே நடப்பாரு." அப்பா ஸ்பேனரைத் தோளில் போட்டு நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வீட்டில் இருப்பதாகவும் சொன்னார். அடுத்த ஞாயிறு போய் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து நகல் எடுத்துத் தந்தேன்.

அங்கிருந்து தெற்கே நெடுஞ்சாலைச் சத்தமும் கன்டெய்னர் லாரிகளும்தான்.

தஞ்சோங் பகார் நிலையம் 1932இல் திறந்தது. முகப்பில் நான்கு சலவைக்கல் உருவங்கள்: வேளாண்மை, தொழில், வணிகம், போக்குவரத்து. உள்ளே கூடத்துச் சுவரோவியங்களில் ரப்பர் பால் எடுப்பவர்கள், நெல் நடுபவர்கள், ஈயச் சுரங்கத்தில் வேலை செய்பவர்கள். தண்டவாளம் போட்ட ஆளை அந்தச் சுவர்களில் நான் பார்த்ததில்லை. பிளாட்பாரத்துப் பக்கம் இந்திய முஸ்லிம் கடையில் பரோட்டாவும் தே தாரிக்கும் சாப்பிட்டபடி ரயிலுக்குக் காத்திருந்த தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ. 2011இல் கட்டடத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக்கினார்கள். அடியில் கன்டோன்மென்ட் எம்ஆர்டி நிலையத்துக்குத் தோண்டுவதற்காகப் பிளாட்பாரத்தின் ஒரு பகுதியைக் கழற்றி எடுத்து, திரும்பப் பொருத்தும் ஏற்பாடும் செய்தார்கள். கல்லின் மீது இவ்வளவு அக்கறை காட்டத் தெரிந்தவர்களிடம்தான் கேட்கிறேன்: அந்தக் கூடத்தில் ஒரு சுவரைக் கேங்மேன்களுக்கும் கேட்காரர்களுக்கும் ஒதுக்குங்கள். டோக்கன் வாங்கும் கையின் படத்தைக் காசு வாங்காமல் தருகிறேன். பெரியவரும் அவர் அப்பா படத்தைத் தரச் சம்மதித்திருக்கிறார்.