வெயிலும் வெள்ளைப் பொடியும்

வெளிச்சுவரின் வெள்ளைப் பெயின்ட், சில ஆண்டுகள் வெயில் கண்டபின், விரல் வைத்தால் மாவாக ஒட்டிக்கொள்ளும். பெயின்டுக்கு வெண்மை தருகிற டைட்டானியம் டை ஆக்ஸைடு சூரியனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சி, தன்னைச் சுற்றியிருக்கும் பிசினை மெல்ல அரித்துவிடுவதே இதற்கு ஒரு முக்கியக் காரணம். பெயின்ட் தொழிலில் இது பழைய தலைவலி. ஒவ்வொரு துகளுக்கும் சிலிக்கா, அலுமினா என்று உறை போட்டு அதை அடக்கி வைத்தார்கள். அந்த உறையைக் கழற்றிவிட்டு, பிசினுக்குப் பதிலாகத் தண்ணீரிலுள்ள கிருமியை அதற்கு இரையாகக் கொடுத்தால் என்ன?

குடிநீரைச் சுத்திகரிக்க வெயிலே போதும் என்ற வகைச் செய்திகள் எங்கள் நண்பர் குழுவுக்குள் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது சுற்றி வருகின்றன. கவிதை படிக்கிறவர்களுக்கு இப்படியொரு செய்தி இனிக்காமல் இராது. அந்த இனிப்பின் மீதே சந்தேகம் எழ, சில வாரங்கள் உட்கார்ந்து படித்தோம்.

1967இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த அகிரா ஃபுஜிஷிமா, தண்ணீரில் அமிழ்த்திய டைட்டானியம் டை ஆக்ஸைடு படிகத்தின்மீது ஒளி பாய்ச்சியபோது குமிழ்கள் எழக் கண்டார். தண்ணீர் பிரிந்து ஆக்ஸிஜன் வெளியேறியது. படிகமோ கரையவுமில்லை, குறையவுமில்லை. பேராசிரியர் கெனிச்சி ஹோண்டாவுடன் அவர் எழுதிய கட்டுரை 1972இல் 'நேச்சர்' இதழில் வந்தது. 1985இல் தடாஷி மட்சுனாகா குழுவினர் இதே பொருளைப் பிளாட்டினத்தோடு சேர்த்து ஒளியூட்டி, ஈ.கோலை முதலிய நுண்ணுயிர்கள் நீரில் மாய்வதைக் காட்டினர்.

ஒளிவினையூக்கி என்கிறோம் தமிழில். நல்ல சொல். வினையைத் தூண்டிவிட்டு, அந்த வினையில் தான் அகப்படாமல் நிற்பது. 'வினை'க்கு நம் மொழியில் இருக்கிற இன்னொரு பொருளையும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் சைவ சித்தாந்த வாடைகூட வீசும். (அதில் இறங்கினால் கட்டுரை திரும்பி வராது.)

ஒளி விழுந்ததும் படிகத்துக்குள் ஓர் எலெக்ட்ரான் தன் இடத்தை விட்டு எழுகிறது. அது இருந்த இடம் காலியாகி நேர்மின் துளையாகிறது. பெரும்பாலான எலெக்ட்ரான்கள் உடனே துளையிலேயே திரும்ப விழுந்துவிட, வந்த ஒளி வெறும் சூடாகி வீணாகிறது. தப்பி மேற்பரப்பை எட்டுபவை மட்டுமே நீரோடும் ஆக்ஸிஜனோடும் சேர்ந்து ஹைட்ராக்ஸில் போன்ற மூர்க்கமான துணுக்குகளைப் பிறப்பிக்கின்றன. அவைதாம் பாக்டீரியாவின் மேலுறையைச் சிதைப்பவை. ஆனால் ஹைட்ராக்ஸில் பிறந்த இடத்தருகிலேயே மடிந்துவிடும். தேடிப் போய்க் கொல்ல அதற்கு ஆயுள் இல்லை. கிருமிதான் ஊக்கியிடம் வரவேண்டும். பொடியைத் தண்ணீரிலேயே கலக்கிவிட்டால் சந்திப்பு எளிது, ஆனால் குடிக்குமுன் அத்தனை நுண்துகளையும் வடிகட்டியாக வேண்டும். கண்ணாடியில் பூசி நிறுத்தினால் வடிகட்டும் வேலை மிச்சம், சந்திப்பு அரிதாகிவிடும். கலங்கல் நீரென்றால் ஒளியே உள்ளே புகாது.

போதாததற்கு, அனடேஸ் வகைப் படிகத்துக்கு 387 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள ஒளி வேண்டும். தரைக்கு வருகிற வெயிலில் அது நூற்றில் நான்கைந்து பங்குதான். 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நைட்ரஜனைக் கலந்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் அதை ஓரளவு வேலை செய்ய வைத்தனர்.

ஊக்கியே இல்லாமலும் வெயில் கிருமியைக் கொல்லும். பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அஃப்டிம் அக்ரா 1980 வாக்கில் இதை எளிய முறையாக முன்வைத்தார். சுவிட்சர்லாந்தின் இயாவாக் நிறுவனம் 1991 முதல் ஆராய்ந்து பரப்பியது. தெளிந்த நீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்து ஆறு மணி நேரம் வெயிலில் வைத்தால் போதும். மேகமூட்டமென்றால் இரண்டு நாள். ஊக்கியை ஆராய்பவர்கள் பலரும் குறைக்க முயல்வது இந்த நேரத்தைத்தான். கென்யாவின் மாசாய் சிறுவர்கள் 206 பேரிடம் நடந்த ஆய்வு 1996இல் வெளியாயிற்று. பாதிப் பேர் பாட்டிலைக் கூரைமேல் வைத்தனர், மீதிப் பேர் வீட்டுக்குள். கூரைமேல் வைத்தவர்களிடம் கடும் வயிற்றுப்போக்கு குறைந்திருந்தது. 2009இல் வெளியான பொலிவிய ஆய்வில், 22 கிராமச் சமூகங்களில், குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தெரியவில்லை. முறையாகக் கடைப்பிடித்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். தினமும் பாட்டில் நிரப்பிக் கூரையேற்றி இறக்குவதென்பது வீட்டில் யாரோ ஒருவர் தலையில் விழும் வேலை. ஆய்வுக்கூடத்தில் நேரத்தைக் குறைத்துக் காட்டுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்தப் பாட்டிலுக்கு ஓர் அனுகூலம் உண்டு: தண்ணீர் சுத்தமாவதும் காத்திருப்பதும் மூடிய ஒரே கலத்துக்குள். ஊக்கி பூசிய குழாய்கள் வழியே ஓடி வெளிவரும் தண்ணீருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒளி நின்றதும் வினையும் நின்றது. பிறகு குழாயில் கசிவு, குடத்தின் உள்விளிம்பு, தம்ளரை முக்குகிற கை என்று எங்கே வேண்டுமானாலும் கிருமி திரும்பவும் ஏறிக்கொள்ளலாம். 1908இல் அமெரிக்காவின் ஜெர்ஸி நகரக் குடிநீரில் தொடர்ந்து கலக்கத் தொடங்கிய குளோரினுக்கு நெடி உண்டு, அழகு இல்லை. பற்றி எழுத எவருக்கும் கை வராது. ஆனாலும் அது தண்ணீரோடு கூடவே வீடுவரை வந்து பானைக்குள்ளும் சிறிது நேரம் காவல் இருக்கிறது.

இந்த ஊக்கி சந்தையில் பிழைத்தது வேறோர் இடத்தில். பில்கிங்டன் நிறுவனம் 2001இல் தானாகவே அழுக்கு நீக்கிக்கொள்ளும் சாளரக் கண்ணாடியை அறிமுகப்படுத்தியது. சாளரத்துக்கு இது பொருந்திப்போகிறது. மேற்பரப்பு ஒன்றுதான் சுத்தமாக வேண்டும். மறுநாளும் வெயில் வரும்.

எங்களில் ஒருவர் இந்த முடிவை ஏற்கவில்லை. குளோரின் போடுவதற்கே ஆள் வராத மலைக்கிராமத்தில் காவல் நீடிக்கவில்லையே என்று வெயிலையும் தள்ளிவிடுவதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பேசிப்பேசி நள்ளிரவானபின் ஒன்றில் மட்டும் உடன்பட்டோம்: இத்தகைய கருவியைச் சோதிப்பவர்கள் அதன் வாயில் விழும் தண்ணீரை அளந்ததோடு நிறுத்தாமல், மறுநாள் காலை அதே வீட்டுப் பானையின் அடியில் கிடப்பதையும் ஒரு தம்ளர் எடுத்து அளக்கட்டும்.