ஒரு கிளட்ச் செட்டுக்கும் சேர்த்து

புதிதாகக் கார் ஓட்டக் கற்றவர், ஓட்டிப் பழகுவதற்குள் ஒரு கிளட்ச் பிளேட்டைத் தேய்த்துத் தீர்த்துவிடுவார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்காரர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். சொந்தக் காரில் அந்தத் துணை கிடையாது. மேம்பால ஏற்றத்தில் வண்டி அணைந்துவிடுமோ என்ற பயத்தில் இடது கால் பெடல் மேலேயே தங்கிவிடும். திண்டிவனத்தில் என் மெக்கானிக் ஷெட்டுக்கு வரும்போது, "ஆக்சிலேட்டர் குடுத்தா சத்தம்தான் வருதுண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது" என்பார்கள். கியர் பாக்ஸை இறக்கினால் பிளேட் ரிவெட் வரைக்கும் தேய்ந்து கிடக்கும். அதனால், "பொண்ணுக்கு லைசென்ஸ் வந்துடுச்சு, நல்ல சின்ன காரா ஒண்ணு பார்த்துக் குடுங்க" என்று யாராவது வந்தால், வண்டி விலையோடு ஒரு கிளட்ச் செட்டுக்கும் பணம் எடுத்து வைக்கச் சொல்வேன். பிளேட், கவர், பேரிங், கூலி எல்லாம் பத்தாயிரத்துக்குள் அடங்கி, காலையில் விட்ட வண்டி சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும். அப்படி முடிகிற கார்களிலிருந்துதான் நான் தேடவே ஆரம்பிப்பேன்.

ரிப்பேரே வராத கார் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. ஓட்டுகிறவரின் தப்புக்குக் குறைவாகப் பணம் கேட்கிற கார்கள் உண்டு. ஆல்டோ கே10, 2010இல் வந்த வேகன் ஆர், 2014இல் வந்த செலெரியோ, இந்த மூன்றிலும் ஒரே 998 சி.சி. மூன்று சிலிண்டர் என்ஜின் இருக்கிறது. ஒன்றைப் பிரித்துப் பழகிய கைக்கு மூன்றும் தெரியும். கடைக்காரரும் ஒரே சாமானை மூன்று வண்டிக்கு விற்கலாம் என்பதால் தைரியமாக வாங்கி அடுக்கி வைக்கிறார். டைமிங் செயின் உள்ள என்ஜின், பெல்ட் மாற்றும் கவலை கிடையாது. ஹூண்டாய் ஐ10 ஓட்டுவதற்கு இவற்றைவிட மெத்தென்று இருக்கும், மறுக்க மாட்டேன். ஆனால் அதில் 1.1 லிட்டர் என்ஜினுக்கு டைமிங் பெல்ட். மாற்றியதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு முதல் வேலையாகப் புதுசு போட்டுவிட வேண்டும். முதலில் வந்த ஃபோர்டு ஃபிகோ நம் ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே, மறைமலை நகரில் தயாரான வண்டி. கெட்டியான கார். 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்த பிறகு, பழைய ஃபிகோ விலை ஆசை காட்டுகிறது. கார் தெரிந்தவர் தாராளமாக வாங்கலாம். சாமானுக்காக நாலு இடம் போன் போட்டு அலையப் புது ஆளைப் பழக்க வேண்டுமா என்றுதான் தயங்குவேன்.

இங்கே என் தொழிலுக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. சுலபமாகப் பிரித்துப் பூட்டுகிற சின்ன கார்களின் கூடு லேசானது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பு, ஏர்பேக் இல்லாத ஐந்து சின்ன இந்தியக் கார்களை மோதவிட்டுப் பார்த்து, ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம் கொடுத்தது. ஆல்டோ 800, ஐ10, ஃபிகோ எல்லாம் அந்த வரிசையில் இருந்தன. டவுனுக்குள் மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, ஸ்கூல் என்று ஓடுகிறவருக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் திண்டிவனத்தில் கார் வாங்குகிற யார்தான் டவுனோடு நிற்கிறார்கள்? விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ், முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி, புதுச்சேரி ஜிப்மர், எங்கே போனாலும் நாலு வழிச் சாலைதான். 2019 ஏப்ரலிலிருந்து விற்பனையாகும் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஏ.பி.எஸ்., ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயமாயின. பக்கத்து சீட்டுக்கான ஏர்பேக் பழைய மாடல்களுக்கும் 2022இல்தான் கட்டாயம் ஆனது. ஆகவே 2019 ஜூலைக்குப் பின் தயாரானதா என்று பார்ப்பது என் கோடு. அதற்கு முந்தையதென்றால் ஏர்பேக் வைத்த உயர் மாடலாக இருக்க வேண்டும். அலாய் வீலுக்கும் பெரிய ஸ்கிரீனுக்கும் கொடுக்கிற காசை இதில் போடுங்கள் என்று வாதாடுவேன். பாதிப் பேர் கேட்பார்கள்.

ரோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே எதிர் டிராக்கில் மொபெட் வரும், மீடியன் இடைவெளியில் மாடு நிற்கும். கரும்பு வெட்டுக் காலத்தில் முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் டிராக்டர்கள், பின் விளக்கு இல்லாமல் இருட்டோடு இருட்டாக நகரும். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்த் திரும்புகிற புது டிரைவரைக் காப்பாற்றுவது ஹெட்லைட்டும் பிரேக்கும்தான். மஞ்சளேறிப் போன ஹெட்லைட் கண்ணாடியைப் பாலிஷ் போட்டு விற்பார்கள், ஒன்றிரண்டு வருஷத்தில் மறுபடி மங்கிவிடும். செஞ்சிப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் உளுந்தும் கேழ்வரகும் ரோட்டில் பரப்பி, வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று விட்டிருப்பார்கள். அந்தத் தழை அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் கருகும். கருகல் வாசனை வந்தால் ஓரங்கட்டி, அடியில் குனிந்து பாருங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு ஹைவேயில் போவதில் பிரயோஜனம் இல்லை. எண்பதில் எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். மயிலம் முருகன் கோயில் குன்றுக்கு ஏறும் பாதையில், பின் சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, நடு ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொல்வேன். ஹேண்ட் பிரேக் தாங்குகிறதா, கிளட்ச் எந்த உயரத்தில் பிடிக்கிறது, ஏசி போட்டபடி இழுக்கிறதா என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். ஓட்டப்போகிறவரையே உட்கார வைப்பது முக்கியம். சீட்டை முன்னால் இழுத்த பிறகு கிளட்ச் தரை வரைக்கும் மிதிபட வேண்டும், பானட்டின் விளிம்பு கண்ணில் பட வேண்டும். உயரம் குறைந்தவர்களுக்கு வேகன் ஆர் பிடித்துப்போவதற்கு அதன் உயர்ந்த சீட்டுதான் காரணம். ஐம்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட டீச்சர் ஒருவருக்குக் கியர் மாற்றுவதே பதற்றம் என்றால், கிளட்ச் பெடலே இல்லாத ஏ.எம்.டி. செலெரியோவைச் சொல்வேன். ஆனால் அதிலும் உள்ளே கிளட்ச் பிளேட் உண்டு. அதை மாற்றினால் கம்ப்யூட்டர் மாட்டி வண்டிக்குப் புதுப் பிளேட்டைக் கற்றுக்கொடுக்க வேண்டும், ஸ்பேனர் மட்டும் போதாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

இனி தண்ணீர். எங்கள் பக்கத்தில் பழைய கார் பார்ப்பவர் இப்போது முதலில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட, அரசூரில் தென்பெண்ணை ஹைவே மேலேயே ஏறிப் போக்குவரத்து நின்றது. அந்த நாட்களில் நின்ற இடத்திலேயே மூழ்கிய கார்கள் எத்தனையோ. அதற்கு முந்தைய வருஷம் மிக்ஜாம் புயலில் சென்னையில் நனைந்தவை வேறு. கழுவி, காயவைத்து, சீட் கவர் மாற்றி, சென்ட் பாட்டில் தொங்கவிட்டுக் கொண்டுவந்து நிறுத்தினால் பளிச்சென்றுதான் இருக்கும்.

சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். சுருளின் அடியில் ஒளிந்திருக்கும் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு அப்படியே நிற்கும், அங்கே யாரும் கழுவுவதில்லை. சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, தரையோடு பிடிக்கும் போல்ட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கிப் பள்ளத்தில் வண்டல் தேடுங்கள். ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தால் செம்புப் பின்களில் பச்சை பூத்திருக்கக் கூடாது. வயரிங்கில் பூத்த பச்சை ஒரே நாளில் தொல்லை தராது. ஆறு மாதம் கழித்து ஒரு மழை இரவில் வைப்பர் நிற்கும், இன்னொரு நாள் செல்ஃப் எடுக்காது. கழற்றிக் கழற்றிப் பார்த்தும் நாங்கள் முழுசாகச் சரிசெய்ய முடியாத வியாதி அது. இன்னொரு தடயம் இன்சூரன்ஸ் தாளில் கிடைக்கும். ஒரே ஓனர், ஐந்து வருஷ வண்டி, ஆனால் நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யம் என்றால், பாலிசி விட்டுப்போகாமல் கட்டியிருக்கும் பட்சத்தில், முந்தைய வருஷம் ஏதோ கிளெய்ம் வாங்கியிருக்கிறார். எதற்கு என்று கேளுங்கள். புரோக்கர் பதில் சொல்லாமல் மைலேஜைப் பற்றிப் பேசினால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

மரக்காணம், கடற்கரைச் சாலைப் பக்கத்து வண்டிகளுக்கு வெள்ளம் வேண்டியதில்லை, உப்புக் காற்றே போதும். கதவின் அடி விளிம்பு, ஜாக்கி வைக்கும் இடம், பேட்டரித் தட்டுக்குக் கீழே என்று துரு மறைந்திருக்கும். மேலே பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தால், துணி சுற்றிய சின்னக் காந்தம் அந்த இடத்தில் ஒட்டாமல் நழுவும்.

டயரையும் பார்த்துவிடுங்கள். பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கம் 2319 என்றால், 2019ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். மீட்டர் முப்பதாயிரம் காட்டுகிறது, ஆனால் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது என்றால் மீட்டரை நம்பாதீர்கள்.

வண்டி நம்பர் திண்டிவனத்தின் டி.என்.16ஓ விழுப்புரத்தின் டி.என்.32ஓ ஆக இருந்தால் பேப்பர் வேலை எளிது. நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற புதுச்சேரியின் பி.ஒய். நம்பர் வண்டி மலிவாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கிருந்து என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, புது நம்பர் எடுக்கும் செலவை விலையோடு கூட்டிப் பார்த்த பிறகு மலிவு பெரும்பாலும் காணாமல் போகும். லோன் முடிந்த வண்டியென்றால், ஆர்.சி.யில் பேங்க் பெயரை நீக்கியாயிற்றா என்று எம்பரிவாகன் ஆப்பில் பாருங்கள். விற்றவர் பதினாலு நாளுக்குள்ளும் வாங்கியவர் முப்பது நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் பதினாலு நாளுக்குள் பெயர் மாற்றிவிட வேண்டும். 29, 30ஆம் நம்பர் ஃபாரங்களில் விற்பவர் கையெழுத்தைப் பணம் எண்ணுகிற மேஜையிலேயே வாங்கிவிடுங்கள். பேங்க் பெயர் இன்னும் ஆர்.சி.யில் இருந்தால், அது நீங்குகிற வரை ஒரு தொகையைக் கையில் நிறுத்திவைக்கிறோம் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும். சாவி கைமாறிய பிறகு அந்தப் பேச்சு எடுபடாது.