கோட்டம் எடுக்கும் கை

1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1951-ல் அம்பத்தூரிலிருந்து தன் முதல் ஹெர்குலிஸ் சைக்கிளை வெளியே அனுப்பியது. 1955-ல் ஆவடியில் குழாய் ஆலை வந்தது. 1960-ல் அம்பத்தூரிலேயே செயின் தொழிற்சாலை. குழாய், செயின், ஃப்ரேம் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் உருவான வட்டாரம் இது. இங்கே சைக்கிள் கடையில் சற்று நேரம் நின்றால், கம்பெனியில் வேலை பார்த்த மாமாவோ சித்தப்பாவோ பேச்சில் வந்துவிடுவார்கள்.

சி.டி.எச். சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில் இருக்கிற அப்படிப்பட்ட கடைக்கு ஒரு வாரநாள் காலையில் போயிருந்தேன். முகப்பில் பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, காற்றடிக்கும் கம்ப்ரஸர். உள்ளே, அட்டைப்பெட்டியிலிருந்து பாதி வெளியே வந்த ஹார்ட்டெயில் சைக்கிள். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன், பின்பக்கம் விறைப்பான ஃப்ரேம். மண்பாதைக்கும் தார்ச்சாலைக்கும் பொதுவாக வாங்கப்படுவது இந்த வகைதான். பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வரும் இளைஞர் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாரம் முழுக்க ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமை பூண்டிப் பக்கம் மண்பாதை. கையில் 30,000 ரூபாய்.

“எத்தினி கியர் இருந்தா நல்லதுண்ணா?”

“கியர அப்புறம் எண்ணலாம் தம்பி. மொதல்ல பின்சக்கரத்தப் பாரு,” என்றார் கடை மெக்கானிக்.

இந்த விலையில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காத இடம் அது. பின்சக்கரத்துப் பல்சக்கரங்கள் இரண்டு விதமாக வரும். ஹப்பின் மேல் மரை போட்டு முறுக்கும் ஃப்ரீவீல் ஒன்று. ஹப்போடு சேர்ந்த உருளையில் செருகும் கேசட் மற்றொன்று. ஃப்ரீவீல் வகையில் வலப்பக்கத்து பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். அதற்கு வெளியே ஆக்ஸிலின் ஒரு நீளம் தாங்கல் இல்லாமல் நிற்கும். ஆளின் எடையோடு பள்ளத்தில் விழுந்து விழுந்து அந்த இடம்தான் வளையும். கேசட் வகையில் பேரிங் ஓரத்துக்கே வந்துவிடுவதால் அந்தச் சிக்கல் குறைவு. 7 கியர் என்றால் பெரும்பாலும் ஃப்ரீவீல்தான். 9 என்றால் அநேகமாகக் கேசட். முன்னால் மூன்று பல்சக்கரம் வைத்து, பெருக்கி, 21 கியர் என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டியதில்லை.

பிறகு அவர் வேறொரு சக்கரத்தை ஸ்டாண்டில் ஏற்றிக் கோட்டம் எடுக்க உட்கார்ந்தார். இந்த வேலையைப் பார்க்கத்தான் நான் போனதே. கையால் சுழற்றிவிட்டு, ரிம் எங்கே விலகுகிறது என்று விரல்நகத்தை வைத்துப் பிடிக்கிறார். வலப்பக்கம் விலகினால் அந்த இடத்தில் வலப்பக்கத்துக் கம்பியின் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்தி, இடப்பக்கத்தை அதே அளவு இறுக்குகிறார். நடுநடுவே இரண்டு கம்பிகளைச் சேர்த்துச் சுண்டிச் சத்தம் கேட்கிறார். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாகக் கேட்டால் அது தளர்ந்திருக்கிறது. தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து, ஹப்பின் ஓரத்து வளைவில் ஒருநாள் ஒடியும்.

பழைய சைக்கிளில் ரிம் கோணினால் பிரேக் கட்டையில் உரசிக் காட்டிக்கொடுத்துவிடும். டிஸ்க் பிரேக்கில் அந்த எச்சரிக்கை கிடையாது. ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாமலே சக்கரம் தளர்ந்துகொண்டிருக்கும். அதனால் புதுச் சைக்கிளை முதல் மாதத்திலேயே ஒருமுறை இந்தக் கையிடம் காட்டிவிடுவது நல்லது. மெஷினில் பின்னிய சக்கரம் ஓடியபிறகே தன் நிலைக்கு வரும்.

பெட்டியில் வரும் சைக்கிள் முக்கால்வாசி பூட்டப்பட்டுத்தான் வருகிறது. மீதியை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று இறங்குகிறவர்கள் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். ஃபோர்க்கை முன்பின்னாகத் திருப்பிப் பூட்டிய சைக்கிள்கள் வருகின்றன. டிஸ்க் காலிப்பர் இடப்பக்கம் இல்லாமல் வலப்பக்கம் இருந்தால் அதுதான் அடையாளம். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசையில் என்பது தெரியாமல் முறுக்கி, கிராங்கின் மரையையே அழித்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. கிராங்கை மாற்றுவதைத் தவிர அதற்குப் பெரும்பாலும் வழியில்லை.

ஃபோர்க் விஷயத்தில் அவர் கறார். 100 மில்லிமீட்டர் அசைவு இந்தப் பகுதிக்குப் போதும். சாலைக்கு வரும்போது பூட்டிக்கொள்ள லாக்அவுட் இருக்க வேண்டும். ஸ்பிரிங் ஃபோர்க் கனமானது, இரண்டரைக் கிலோ வரை வரும். காற்று ஃபோர்க் இந்த விலையில் அரிது. பிரேக்கில் ஹைட்ராலிக்தான் பிடிப்பு அதிகம். ஆனால் எண்ணெய் மாற்றத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லையென்றால், கேபிள் டிஸ்க்கே எந்தத் தெருவிலும் சரிசெய்யக் கூடியது. இது எனக்கும் நியாயமாகவே படுகிறது.

1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டியில் இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களில் மலைப்பாதை இறங்கி விளையாடியதிலிருந்துதான் ஹார்ட்டெயில் உட்பட மலைச் சைக்கிள் வகையே பிறந்தது. இறக்கத்தில் பின்ஹப் பிரேக் சூடாகி உள்ளிருக்கும் கிரீஸ் புகைந்துபோகும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அம்பத்தூரில் கிரீஸைக் கெடுப்பது மழைத்தண்ணீர். நவம்பரில் தேங்கிய நீரில் ஓட்டிய சைக்கிளின் ஹப்பைத் திறந்தால் கிரீஸ் பால்போல் வெளுத்திருக்கும், கோனில் துரு ஏறியிருக்கும். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, பால்ரஸ் மாற்றி, கோனை விரலால் உணர்ந்து இறுக்க வேண்டும். அரைநாள் வேலை.

அரசுப் பள்ளி மாணவர்களின் சைக்கிளும் 40,000 ரூபாய் சைக்கிளும் இந்த ஸ்டாண்டில் ஒரே கையின் கீழ்தான் வருகின்றன. இந்தத் தொழிலுக்கு இப்போது சிறுவயதுப் பையன்கள் வருவதில்லை என்கிறார். பெரிய கடைகளில் சம்பளத்துக்குப் போகிறவர்கள் பெட்டி பிரித்துப் பூட்டக் கற்கிறார்கள். சக்கரம் பின்னக் கற்பது குறைவு.

அந்த இளைஞர் அன்று வாங்காமல் போனார். மட்கார்டும் கேரியரும் பூட்ட ஃப்ரேமில் துளை இருக்கிறதா, டயர் 2.1 அங்குலத்துக்கு மேல் பிடிக்குமா, பின்சக்கரம் கேசட்டா என்று மூன்றை மட்டும் குறித்துக்கொண்டு போனார். அதுவே சரியான தொடக்கம். நீங்களும் வாங்கப் போனால், சைக்கிளுக்கு ஒதுக்கிய தொகையில் 2,000 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். பூட்டவும், முதல் மாதக் கோட்டத்துக்கும், மழைக்குப் பின் ஓவராயிலுக்கும் அது உங்கள் தெரு மெக்கானிக்குக்குச் சேரட்டும். கூலியில் பேரம் பேசாதீர்கள்.