நிழலுக்கு ஏற்ற நிலம்

தந்தையார் தம் நான்கு ஏக்கர் புன்செயை விற்றுத்தான் எங்கள் இருவரையும் படிக்கவைத்தார். அந்தப் படிப்பினால் எங்களுள் மூத்தவர் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறார், இளையவர் மின்பொறியாளர். நிலத்தை விற்ற பின்னர் அவ்வழியே செல்ல நேர்ந்தால் தந்தையார் சுற்றுப்பாதையில் போவார். ஏனென்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் மறைந்த பிறகு, ஒரு நிலமாவது வாங்கிவிட வேண்டும் என்று புறப்பட்டோம். வேளாண்மை வருமானத்தை மட்டும் நம்பி வங்கிக்கடனை அடைக்க இயலாது. ஆகவே மேலே சூரிய மின்தகடு, கீழே பயிர் என்று முடிவு செய்தோம்.

எண்ணம் புதிதன்று. ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் கோட்ஸ்பெர்கர் 1980களின் தொடக்கத்திலேயே இதை முன்மொழிந்திருக்கிறார். நம் நாட்டில் 2019இல் தொடங்கப்பட்ட குசும் திட்டமும், விளைநிலமாயின் தகடுகளை உயரத் தூண்களின்மேல் அமைத்துக் கீழே பயிரிடலாம் என்றது. துணைமின் நிலையம் ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது நல்லது என்றும் சொன்னது. தொலைவு கூடினால் கம்பி இழுக்கும் செலவே ஆளை விழுங்கிவிடும்.

முதலில் பார்த்தது சோழவந்தான் பக்கம் ஒரு நன்செய். நெல்லுக்கு முழு வெயில் வேண்டும். அறுவடை எந்திரம் நுழைவதற்குத் தகடுகளை மிக உயர்த்த வேண்டும். உயர்த்த உயர்த்த இரும்பின் செலவும் காற்றின் தாக்குதலும் கூடும். நன்றாக விளைகிற வயலில் தூண் நடுவானேன் என்று திரும்பிவிட்டோம்.

இரண்டாவது, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல். மட்டமான தரை, மலிவான விலை, அருகிலேயே துணைமின் நிலையம். தரகர் 'சுத்தத் தரிசு' என்றார். அடங்கலும் அப்படியே சொன்னது. ஆனால் கரிசல்மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். தூண் அசையாதிருக்க மிக ஆழமாக இறக்க வேண்டும். அதைவிட, நிலமெங்கும் ஆட்டுப்புழுக்கை கிடந்தது. வேலி போட்டால் அந்த ஆடுகள் எங்கே மேயும் என்று கேட்டோம். தரகர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது செம்மண். மூன்றரை ஏக்கர், வற்றாத கிணறு, தெற்கு நோக்கிய மெல்லிய சரிவு. மேற்கு வரப்பில் பதினொரு பனைகள். தம்பியின் முகம் வாடிற்று. ஒரு தகட்டின் ஓரத்தில் நிழல் விழுந்தாலும் அத்துடன் தொடராக இணைந்த தகடுகளின் மின்சாரமும் குறையும். 'வெட்டிவிடலாம்' என்றார் தரகர். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு 2021இல் அறிவித்ததை நாங்கள் நினைவூட்டினோம்.

அதுவரை வாய்திறவாதிருந்த நிலத்துக்காரப் பெரியவர் கேட்டார்: "மரத்து நிழலுக்கு இம்புட்டுப் பயப்படுறீங்களே தம்பி, நீங்க போடப்போற நிழலுக்குக் கீழ என்ன விளையும்னு பாத்தீங்களா?"

நாங்கள் வாயடைத்துப் போனோம். எத்தனை யூனிட் கிடைக்கும் என்று கணக்கிட்டிருந்தோமே தவிர, பயிரைப் பற்றி ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று ஆண்டுதோறும் தொல்காப்பியப் பாடம் நடத்துகிறவருக்கும் பொழுது மறந்துபோயிருந்தது. சோளமும் கடலையும் நிழலில் சோர்ந்துபோகும் என்றார் பெரியவர். கிணற்றடி வேம்பின் நிழலில் செழித்திருந்த சேனையைக் காட்டி, இதுவும் மஞ்சளும் கீரையும் தாங்கும் என்றார்.

அடுத்துவந்த ஞாயிறுகளில் காலைமுதல் மாலைவரை அங்கேயே இருந்து நிழலின் எல்லையைக் குச்சி நட்டுக் குறித்தோம். நம் பகுதியில் உச்சிவெயில் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு இறுதிவரை வடக்கே சாயும். மற்ற மாதங்களில் தெற்கே சாயும். அதையும் கணக்கில் சேர்த்தோம். மேற்கு வரப்புப் பனைகளின் நிழல் வயலுக்குள் நீள்வது பிற்பகலில்தான். வெயில் தளர்ந்து மின்உற்பத்தியும் குறைகிற நேரம் அது. அந்த ஓரத்தை மட்டும் தகடின்றிக் கடலைக்கு விட்டுவிடலாம். எஞ்சிய இடத்தில் பயிருக்கு ஒளி கிடைக்க வரிசைகளுக்கிடையே இடைவெளியைக் கூட்ட வேண்டும். அவ்வாறு செய்தால் நாங்கள் எண்ணியிருந்த தகடுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கே இடம் இருந்தது. கடனடைக்கும் காலம் சில ஆண்டுகள் நீளும். இரண்டு இரவுகள் வாதிட்டு, சரி என்றோம்.

பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்து முன்பணம் கொடுத்தபோது பெரியவர் இரண்டே நிபந்தனைகள் வைத்தார். பனைகளைத் தொடக்கூடாது; மாலை வேளையில் தாம் வந்து கிணற்றடியில் அமர்ந்தால் தடுக்கக்கூடாது.

தம்பி சட்டென்று வேறுபக்கம் திரும்பிக்கொண்டான். சுற்றுப்பாதையில் நடந்த ஒருவரை இருவருமே நினைத்துக்கொண்டோம். "சேனை நடும்போது நீங்கள்தான் முதல் கிழங்கை வைக்க வேண்டும் ஐயா" என்று மட்டும் சொல்ல முடிந்தது.