இடம் பெயர்ந்த குளம்

2015 டிசம்பரில் அடையாறு கரைமீறிய பின்னர், மாம்பலத்தின் பழைய ஏரி எதுவரை பரந்திருந்தது என அறிய விழைந்தோம். 1920களில் அவ்வேரியைத் தூர்த்த நிலத்தில் எழுந்ததன்றோ தியாகராய நகர்! பழைய நிலவரைபடம் ஒன்றைக் கணினியில் ஏற்றி, ‘கியூஜிஐஎஸ்’ எனும் இலவச மென்பொருளின் துணையால், வெள்ளம் தேங்கிய இடங்களைக் கைப்பேசியில் குறித்துவந்து அதன்மேல் பொருத்தினோம். ஒத்துப்பார்க்க, மயிலைத் தெப்பக்குளத்தின் மேற்குப் படியில் நின்றும் ஒரு புள்ளி குறித்திருந்தோம். அதுவோ குளத்தைவிட்டு நூறு மீட்டருக்கும் அப்பால், தெருக்களுக்குள் கிடந்தது. நினைவகம் போதாத நம் கணினியை இரண்டு நாள் நொந்துகொண்டோம், பாவம்!

பிழை நம்முடையதே. 1802இல் லாம்ப்டன் பரங்கிமலையருகே சங்கிலியிட்டு அடிக்கோடு அளந்தார். அவ்வழி வந்த அளவைகளைக் கொண்டு எவரெஸ்ட் 1830இல் வகுத்த புவியுருவே பழைய இந்திய வரைபடங்களுக்கு அடிப்படை. கைப்பேசி கொள்வதோ ‘டபிள்யூஜிஎஸ் 84’ எனும் வேறோர் உரு. இரண்டும் ஒன்றெனக் கணினிக்குச் சொன்னவர் நாமே. மாற்றுக் கணக்கைச் செய்ததும் புள்ளி படிக்கட்டுக்குத் திரும்பிற்று.

அதற்குள், “உங்கள் வீடு ஏரிக்குள் இருக்கிறது” என்று நண்பர் ஒருவரிடம் உரைத்துவிட்டிருந்தோம். அவர் வீட்டை விற்க ஆள் பார்க்கலானார். மறுநாட்காலை திருத்திய படத்துடன் அவர் வாயிலில் நின்றோம்.