குரலின் குற்றமா, பெட்டியின் குற்றமா?

ஒன்று நிகழும்போதெல்லாம் வேறொன்றும் உடன் நிகழுமாயின், முன்னதே பின்னதற்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடுவது மனித இயல்பு. ‘இது வந்தது, அதுவும் வந்தது, இது போயிற்று, அதுவும் போயிற்று, இனி வேறென்ன சான்று வேண்டும்?’ என்று கேட்போர் நம்மிடையே பலர். உஸூலுல் ஃபிக்ஹு என்னும் சட்ட மூலக் கலையில் இவ்வகை வாதத்திற்குத் ‘தவரான்’ என்று பெயர். இது மட்டுமே சான்றாகப் போதுமா என்பதில் அறிஞர்களிடையே நெடிய விவாதம் உண்டு.

ஹிஜ்ரி 505இல், அதாவது கி.பி. 1111இல், மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘அல்முஸ்தஸ்ஃபா’ என்னும் நூலில் இது போதாது என்கிறார்கள். அதற்கு அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு மதுவின் மணம். திராட்சைச் சாறு மதுவாகும்போது அதற்கெனத் தனி மணம் தோன்றுகிறது. அது ஹராமாகவும் ஆகிறது. அதுவே காடியாக மாறினால் அந்த மணமும் போய்விடுகிறது, தடையும் நீங்கிவிடுகிறது. ஆயினும் தடைக்குரிய ‘இல்லத்து’, அதாவது காரணம், மணமன்று, போதையே. மணம் காரணத்தோடு உடன் வந்தது, காரணமாக ஆகாது.

மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக நான் ஓதிக் கொடுத்துவரும் பாடம் இது. அதன் பயனை ஒரு மரப்பெட்டியின் முன் நின்று கண்ட செய்தியை இங்கே சொல்ல விழைகிறேன்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஷஃபான் பிறை பிறந்திருந்தது. எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் உட்புறத்தில் வடக்குச் சுவரில் ஒன்றும் தெற்குச் சுவரில் ஒன்றுமாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் உண்டு. மோதினார் பாங்கு சொல்லுங்கால், ‘ஹய்ய அலஸ்ஸலாஹ்’ என்று குரலை உயர்த்தி நீட்டும் இடத்தில், கிழிந்த தோலைத் தட்டினாற்போன்ற கரகரப்பு ஒன்று எழலாயிற்று. கதீபு குத்பா ஓதும்போது அது இல்லை. மாணவர் இகாமத் சொல்லும்போதும் இல்லை. மோதினாருக்கு வயது 68. அப்பணியில் 27 ஆண்டுகள் கழித்தவர். ‘குரல் உடைந்துவிட்டது, ரமலானுக்குள் வேறு ஆள் பார்க்க வேண்டும்’ என்று நிர்வாகத்தில் பேச்சு எழுந்தது. அந்தச் சிறு ஊதியமன்றி அவருக்கு வேறு வருவாய் இல்லை. அவரும் அப்பேச்சை நம்பத் தொடங்கிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாழ்த்தியதும் கரகரப்பு நின்றது. குற்றச்சாட்டு உறுதியாகிவிட்டது!

மதுவின் மணம் என் நினைவுக்கு வந்தது. முத்தவல்லி அவர்களிடம் ஒரு நாள் தவணை கேட்டு, மைக் செட் வேலை செய்யும் இளைஞர் ஒருவரை அழைத்தேன்.

காரணமாக இருக்கக்கூடியவை அனைத்தையும் வகைப்படுத்தி, ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கி, எஞ்சுவதைக் கொள்வதை ‘ஸப்ரு வ தக்ஸீம்’ என்பார்கள். அப்பெயரை அறியாமலே அந்த இளைஞர் அதைத்தான் செய்தார். முதலில் மைக்கின் ஒலியளவை முற்றும் குறைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரை மட்டும் ஓடவிட்டுச் செவி சாய்த்தார். “மின்சாரம் வினாடிக்கு 50 முறை மாறி மாறி ஓடுகிறது, ஹஜ்ரத். எர்த் சரியில்லை என்றாலோ, மின்னிருப்பி கெட்டிருந்தாலோ, யாரும் பேசாதபோதும் ஹம் என்ற இரைச்சல் கேட்கும்” என்றார். அப்படி ஏதும் கேட்கவில்லை. மைக்கை மாற்றினார், வயரை அசைத்துப் பார்த்தார், பழுதில்லை. பிறகு இரண்டு பெட்டிகளுக்கும் செல்லும் வயர்களை ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் இடம் மாற்றிப் பூட்டி, மோதினாரைப் பழையபடி உரக்கச் சொல்லச் சொன்னார். கரகரப்பு வடக்குச் சுவர்ப் பெட்டியிலேயே இருந்தது. தெற்குப் பெட்டியில் அதே குரல் தெளிவாக ஒலித்தது. ஆம்ப்ளிஃபயரும் நீங்கிற்று, குரலும் நீங்கிற்று.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பெட்டியின் துணியை அகற்றினார். காகிதக் கூம்பின் இருபுறமும் விரல்களை வைத்து மெல்லச் சமமாக அழுத்தினார். உள்ளிருக்கும் கம்பிச் சுருள் காந்தத்தில் உரசினால் விரலுக்கு உராய்வு தெரியுமாம், தெரியவில்லை. கூம்பிலும் கிழிசல் இல்லை. மீண்டும் இணைத்து, தம் கைப்பேசியிலிருந்து ஒரே சுரத்தை எழுப்பி, அதைக் கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாக உயர்த்தினார். வினாடிக்கு ஏறத்தாழ 220 அதிர்வு என்னும் நிலையில் பெட்டி கரகரத்தது. அதைக் கடந்ததும் அடங்கிற்று. பின்பலகையைக் கையால் அழுத்தினார், நின்றது, எடுத்தார், எழுந்தது.

அப்பலகையின் இரண்டு திருகாணிகள் பிடிப்பிழந்திருந்தன. எப்பொருளுக்கும் அதற்கே உரிய ஓர் அதிர்வு உண்டு. அதே அதிர்வு வெளியிலிருந்து வந்து சேரும்போது அது வலுவாக நடுங்கும். கதீபின் குரல் அதற்குக் கீழே நின்றது. மாணவரின் குரல் அதற்கு மேலே நின்றது. மோதினாரின் நீட்டல் மட்டும் அதில் சரியாகப் போய்ப் பொருந்திற்று. “கிட்டார் பெட்டிகளிலும் இந்த நோய் உண்டு, ஹஜ்ரத். ஒரு சுரத்துக்கு மட்டும் பெட்டி கரகரக்கும், வாசிக்கிறவர் தந்தியை மாற்றிக்கொண்டே இருப்பார்” என்று சிரித்தார் இளைஞர். தீக்குச்சித் துண்டுகளைப் பசையில் தோய்த்துத் துளைகளில் செருகி, உலர்ந்தபின் திருகாணிகளை முடுக்கினார். பலகைக்கும் சட்டத்துக்கும் இடையே மெல்லிய ரப்பர் பட்டை ஒன்றை வைத்தார். அன்று மஃரிபுக்கு மோதினார் தம் முழுக்குரலில் பாங்கு சொன்னார். ஆள் மாற்றும் பேச்சு அத்தோடு நின்றது.

இது பெட்டிக்கு மட்டும் உரிய செய்தியன்று. மருமகள் வந்த மாதத்தில் வியாபாரம் நொடித்தால், ‘அவள் கால் வைத்த நேரம்’ என்கிறோம். சண்டை மூளும் இடத்தில் ஒரு பிள்ளை இருமுறை காணப்பட்டால், மூன்றாம் முறை விசாரிக்காமலே அவனை அடிக்கிறோம். சகுனம் பார்ப்பதை நபி (ஸல்) அவர்கள் மறுத்துரைத்த பின்னரும், உடன் வந்ததைக் காரணமாக்கும் வழக்கம் நம் இல்லங்களை விட்டு அகலவில்லை. கடன் கணக்கைப் பார்ப்பது கடினம். மருமகளைப் பார்ப்பது எளிது. ஆகவே கணக்கைப் புரட்டாமலே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

பழி சொல்லுமுன் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்துப் பார்ப்பது நீதிக்குரிய குறைந்த அளவு உழைப்பு. ஒரு மரப்பெட்டிக்கு ஒரு பகல் பொழுதைக் கொடுக்க முடிந்த நமக்கு, ஒரு மனிதரின் மானத்திற்காக அவ்வளவு பொழுதைக் கொடுப்பது இயலாத காரியமன்று.