அம்பை வெட்டும் அளவு

கட்டைவிரலைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். ஏகலைவன் வராத தலித் கவியரங்கம் குறைவு. கல்லூரியில் நானும் எழுதினேன், கைத்தட்டும் கிடைத்தது. ஆனால் அவனுடைய அம்புகளைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. அர்ச்சுனனுக்கு அரண்மனை அம்பு கொடுத்தது. காட்டில் தனியாகப் பழகினவனுக்கு யார் கொடுத்தது? தண்டை நெளிவெடுத்து, கைக்கு அளவாக நறுக்கினது யார்? அவனேதான் செய்திருக்க வேண்டும். பாரதம் மண் சிலையைச் சொல்கிறது, விரலைச் சொல்கிறது. அந்த உழைப்பைச் சொல்லவில்லை.

எம்.ஏ. வகுப்பில் வல்வில் ஓரியின் வில்லுக்குப் புகழ் என்று படித்தோம். பாலை நிலத்து எயினர் கையில் இருந்தால் அதே வில் வழிப்பறிக்காரன் வில். யார் கையில் இருக்கிறது என்பதுதான் பேச்சு.

அக்கா மகளுக்குப் பதினாலு வயசு. பள்ளிக்கூடத்தில் யாரோ மூங்கில் வில்லைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து வில் பைத்தியம். அக்கா அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு பயிற்சி நிலையத்துக்குப் போனாள். முதல் கேள்வி, எந்தத் தெரு. இரண்டாவது, அப்பா என்ன வேலை. அப்புறம் அந்த ஆள் சொன்னது: "இது காசு செலவாகுற வெளையாட்டும்மா. ஓட்டத்துல சேத்துடுங்க. உங்க பிள்ளைங்க நல்லா ஓடும்."

உங்க பிள்ளைங்க. இந்த ரெண்டு வார்த்தைக்குள் எல்லாம் இருக்கிறது. அக்கா வீட்டுக்கு வந்து அழவில்லை. "ஓடுறதுக்கா பெத்தேன்?" என்றாள். அவ்வளவுதான்.

காசு செலவு என்பது பொய்யில்லை. நல்ல கார்பன் அம்பு ஒன்று அக்காவின் இரண்டு நாள் கூலி. ஒரு சுற்றுக்கு ஆறு வேண்டும். இதைக் கேள்விப்பட்டு, மாநிலப் போட்டிவரைக்கும் போய்வந்த ஒரு தம்பி தன் ஆரம்ப கால அம்புகள் எட்டைக் கொடுத்தான். முப்பது அங்குலம். இவள் கைக்கு நீளம். "சித்தி, இது ஈட்டி மாதிரி இருக்கு" என்றாள். கடையில் வெட்டித் தருவார்கள், அதற்குச் சென்னைக்குப் போக வேண்டும். அந்தத் தம்பி எங்களுக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்தான். மறைக்காமல் சொல்லிக்கொடுத்தான் என்பதால் நானும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் அளவு. இரண்டு கையையும் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை அளந்து, 2.5ஆல் வகுக்க வேண்டும். இவளுக்கு 155 செ.மீ. வகுத்தால் 62, அதாவது சுமார் இருபத்து நாலரை அங்குலம். இது வில்லை இழுக்கிற நீளத்துக்கு ஒரு தோராயம். அப்புறம் வில்லில் நீளமான அம்பை வைத்து முழுசாக இழுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று குறி போட்டுச் சரிபார்த்தோம். எதிரில் யாரும் நிற்கக் கூடாது. வளர்கிற பிள்ளைக்கு இரண்டு அங்குலம் கூட விட வேண்டும். இருபத்தாறரை என்று முடிவானது. குட்டையாக வெட்டிவிட்டால் இழுக்கும்போது அம்பு வில்லை விட்டு உள்ளே நழுவி, விடும்போது வில் பிடித்த கையில் பாயும். நீளமாக இருந்தால் மறுபடி வெட்டலாம். வெட்டினதை ஒட்ட முடியாது.

இன்னொன்று. வெட்ட வெட்டத் தண்டு விறைக்கும். தண்டின் மேல் 500, 1000 என்று எண் இருக்கும். எண் கூடினால் வளைவு கூடும். இவளுடையது இலேசான வில், வளைகிற அம்புதான் நேராகப் போகும். தம்பி கொடுத்தது 1000. அதனால் பிழைத்தோம்.

கார்பனை ஆக்சா பிளேடால் அறுக்கக் கூடாது. நார்நாராகப் பிளந்துகொள்ளும், எய்யும்போது உடைந்து கையில் ஏறும். மாமாவுக்கு வெல்டிங் பட்டறையில் வேலை. அங்கிருந்து கட்டிங் மிஷினும் 1 மி.மீ. வீலும் கொண்டுவந்தார். முனைகளை வெந்நீரில் முக்கி, பசை இளகினதும் உருவியெடுத்தோம். நெருப்பில் காட்டினால் கார்பன் கெட்டுவிடும். வெட்டுவது எப்போதும் முனைப் பக்கம்தான், இறகுப் பக்கம் இல்லை. கதவு நிலையில் மிச்சமான கட்டையில் நீளமாகப் பள்ளம் எடுத்து, ஒரு கோடியில் தடுப்புக் கட்டை அடித்தோம். மிஷினை வைஸில் இறுக்கிக் கட்டினோம், வீல் மூடியைக் கழற்றவில்லை. தண்டை அழுத்தாமல் உருட்டிக்கொண்டே கொடுத்தால் வட்டமாக வெட்டும். தடுப்பு இருந்ததால் எட்டும் ஒரே நீளம். வெட்டின வாயை மெல்லிய வாட்டர் பேப்பரில் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, தண்டை லேசாக வளைத்துக் காதில் வைத்துக் கேட்டோம். நெரிகிற சத்தம் வந்தால் அந்த அம்பைத் தூக்கிப் போட வேண்டும்.

கரித்தூள் நுரையீரலுக்கு ஆகாது. வெளியே வைத்துத்தான் வெட்டினோம். மாமா பட்டறையில் இத்தனை வருஷமாக முகத்துக்குத் துணிகூடக் கட்டினதில்லை. "அப்பா, கண்ணாடி போடு, மாஸ்க் போடு. இல்லன்னா எனக்கு அம்பே வேணாம்" என்று இவள் பிடிவாதம் பிடித்தாள். போட்டார். பட்டறை முதலாளி ஒரு நாளும் சொல்லாததை மகள் சொன்னாள்.

அன்று மாமா கேட்டார்: "இதுல கட்டவிரல் எங்க வைக்கணும்?" இவள் காட்டினாள். இன்றைய ஒலிம்பிக் முறையில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றால்தான் நாணை இழுக்கிறார்கள். கட்டைவிரல் மடங்கிக் கிடக்கும். விரலைக் கேட்டு வாங்கினவனுடைய பேரில் இந்த அரசு 1985 முதல் பயிற்சியாளர்களுக்கு விருது கொடுக்கிறது. ராஜஸ்தானத்து ஆதிவாசி லிம்பா ராம் 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக்கில் எய்தவர். 1991இல் அவருக்குக் கிடைத்த விருதின் பேர் அர்ச்சுனா. ராஞ்சி ஆட்டோ ஓட்டுநரின் மகள் தீபிகா குமாரி, மூங்கில் வில்லில் தொடங்கி, 2010 தில்லி காமன்வெல்த்தில் தங்கம் வாங்கினார். நம்மிடம் திறமை இல்லை என்று இனி எவனும் சொல்ல முடியாது. இப்போது விரலைக் கேட்பதில்லை. எந்த அளவு, எந்த வீல், எந்த எண் என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். அதுவே போதுமானதாக இருக்கிறது.

போட்டி விதிப்படி ஒவ்வொரு தண்டிலும் எய்பவரின் பேரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும். இவள் அம்மா பேரின் முதலெழுத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டாள். இன்னும் எந்தப் பதக்கமும் வரவில்லை. முப்பது மீட்டரில் ஆறில் நாலு மஞ்சளில் விழுகிறது.

அந்தப் பள்ளக்கட்டை இப்போது எங்கள் இரவுப் பள்ளியில் கரும்பலகைக்குப் பக்கத்தில் சாத்தியிருக்கிறது. போன மாதம் பக்கத்துக் காலனிப் பையன் ஒருவன் ஆறு அம்பு கொண்டுவந்தான். அவன் கையை அளந்து, குறி போட்டது அக்கா மகள்தான். யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். தட்சணை கிடையாது.